அக்கா குரலுக்குச் சத்தமில்லாத ஒரு பெட்டி

என் ஆசை அக்கா பேச்சிக்கு,

நமக்குள் கடிதம் எழுதிப் பழக்கமே கிடையாது. நீ ஏலத்தோட்டத்திலிருந்து வாய்ஸ் போடுவாய், நான் போடியிலிருந்து பதில் போடுவேன். இப்போது பேசி அனுப்பினால் கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. அதனால் ஐந்தாவது வரை படித்த எழுத்தை வைத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் மகள் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அப்படியே உன் மூக்கு. ஏலக்காய் பொறுக்கும் வேலைக்கு நான் அதே கடைக்குத்தான் போகிறேன்.

புதுச் செய்தி ஒன்று உண்டு. நம் வீட்டு முன்னறையில் டிவிக்குக் கீழே கறுப்பாக ஒரு இரும்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. இராப்பகலாக ஓடுகிறது. போனில் இருக்கிற படம், வீடியோ, பேச்சு எல்லாம் வயர் இல்லாமல் தானாக வந்து அதில் சேர்ந்துவிடும். அதை வாங்கியது உனக்காகத்தான்.

காய்ச்சலில் படுத்து நீ எழுந்திருக்காமல் போன பிறகு உன் போன் என்னிடமே இருந்தது. எனக்கு நீ அனுப்பிய பேச்செல்லாம் அதில் அப்படியே இருந்தது. என் பழைய போன் மழையில் நனைந்து செத்தபோது என் பக்கம் இருந்ததெல்லாம் போய்விட்டது, உனக்குத் தெரியும். “போனாப் போவுதுடி, நான் இருக்கேன்ல, புதுசாப் பேசுறேன்” என்றாய். ஆக, உன் குரல் இந்த உலகத்தில் அந்த ஒரு போனில்தான் மிச்சம்.

அப்போது ராசிங்காபுரத்தில் உன் வீட்டிலிருந்து மச்சான் கூப்பிட்டார்.

“முத்து, மருமக போனு ஒடஞ்சு போச்சு. உங்கக்கா போனு சும்மாதான கெடக்கு? அடுத்த ஞாயித்துக்கெழமை வர்றேன். உள்ள இருக்கத எல்லாம் அழிச்சுட்டுக் குடுத்தா அது வச்சுக்கிரும்.”

“அழிக்கிறதா? அக்கா பேச்செல்லாம் இருக்கு மச்சான்.”

“அதக் கேட்டுக் கேட்டு அழுகுறதுக்கா? எனக்கு அந்தத் தெம்பு இல்லம்மா.”

அவர் உன் குரலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை அக்கா. நான் கோபப்படவில்லை. நல்ல போனைச் சும்மா போட்டு வைக்க உனக்கும் மனசு வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஞானராஜ் அண்ணனிடம் போனேன். எங்க வீட்டுக்காரரும் கூட வந்தார்.

“ஒரு பென்டிரைவுல போட்டுத் தந்துரவாம்மா?” என்றார் அண்ணன்.

“அது தொலஞ்சா?”

“இன்னொண்ணுலயும் போட்டு வச்சுக்கங்க.”

“அதையும் நான்தானண்ணே வச்சிருப்பேன்? ரெண்டும் சேந்துல்ல தொலையும்!”

அவர் சிரித்துவிட்டு நாற்காலி போட்டார். ஒரு பெட்டிக்குள் இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று படுத்தால் மற்றது நிற்கும். அது போக இன்னொரு டிஸ்கில் எடுத்து வேறு ஊரில், வேறு வீட்டில் வைக்க வேண்டும். வீட்டுக்கே ஒன்று ஆனாலும் அது தப்பும். எனக்கு இது உடனே பிடித்துப்போனது.

எங்க வீட்டுக்காரர் போட்டது ஒரே சட்டம்தான். விடியுமுன் ஜீப்பில் ஆள் ஏற்றி மலைக்குப் போய் வந்து மத்தியானம் தூங்குகிறவர் அவர். “சத்தம் வந்துச்சு, பொட்டியத் தூக்கிக் கண்மாயில போட்டுருவேன்” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். உன் பேச்சில் பாதி, நீ தோட்டத்துக்குப் போகிற ஜீப்பு சத்தம். அதன் மேல் இன்னொரு சத்தம் எதற்கு?

ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட பெரிய மெஷின் ஒன்று கடையில் சல்லிசாக இருந்தது. அண்ணன் சுவிட்சைப் போட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

“என்னண்ணே இது, ஆளையும் ஏத்தி மூட்டையும் ஏத்தி மலை மெட்டு ஏறுற மாதிரி மொனங்குது? எறக்குங்க கீழ!” என்றார் எங்க வீட்டுக்காரர்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்தோம். சேர்த்து வைப்பதும் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும்தான் இந்தப் பெட்டிக்குச் சோலி. அதற்குப் பெரிய மூளை வேண்டாம், சின்னது போதும், அது அதிகம் சூடாகாது என்றார் அண்ணன். சின்ன ஃபேன் நாலு வைத்தால் வெறி பிடித்துச் சுற்றும். பெரிய ஃபேன் ஒன்று வைத்தால் நிதானமாகச் சுற்றும். எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு ஃபேனையும் ஓட விட்டு, எஞ்சினுக்குக் காது வைப்பதுபோல வைத்தார். “இது பேரிங்கு சரியில்ல. இது பரவால்ல. ஆங், இது இருக்குல்ல, இது மனுசன்” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

டிஸ்கில் சுற்றாத வகை ஒன்று இருக்கிறது. மூச்சே விடாது. ஆனால் எங்களுக்கு வேண்டிய அளவில் அதன் விலையைக் கேட்டதும் நான்தான் மூச்சு விடவில்லை. சுற்றுகிற வகையிலேயே, நாள் முழுக்க ஓடத் தாங்குவதாக, மெதுவாகச் சுற்றுவதாகப் பார்த்தோம். “மத்ததெல்லாம் பழசு போதும்மா. டிஸ்க்கு மட்டும் புதுசு எடுங்க. ரெண்டும் ஒரே லாட்டுல வேணாம். ஒண்ணாச் செஞ்சது ஒண்ணாவே படுத்துக்கிரும்” என்றார். ஏலக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு லாட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? எதிரெதிர் கடையில் ஒவ்வொன்றாக வாங்கினேன். வேறு ஊரில் வைக்க மூன்றாவது ஒன்றும் எடுத்தேன். டிஸ்க் அதிர்ந்து இரும்பில் இரையாமல் இருக்க அடியில் ரப்பர் புஷ் வைத்தார்கள். கரண்டு போனால் தாங்க ஒரு சின்ன யூபிஎஸ். பணத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்காதே. திட்டுவாய்.

சனிக்கிழமை வீட்டில் வைத்து மாட்டிக் கொடுத்துவிட்டு அண்ணன் போனார். உன் போனிலிருந்து ஏற ஆரம்பித்தது. பெட்டி ஓடுவதே தெரியவில்லை. இவரும் குறட்டை விட்டார்.

அங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். அன்றைக்கென்று தெருவெல்லாம் காற்றும் புழுதியுமாக இருந்தது. விலை உயர்ந்த சரக்கு, காற்று படக்கூடாது, ஈரம் இறங்கக்கூடாது என்றால் இந்தக் கைக்கு ஒன்றுதான் தெரியும். ஏலக்காய் மூட்டைக்குள் போடுகிற பிளாஸ்டிக் கவரை எடுத்து, பெட்டியை உள்ளே வைத்து, வயருக்கு மட்டும் வழி விட்டு, வாயை இறுக்கிக் கட்டினேன். மேலே ஒரு சாக்கும் சுற்றினேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

கொஞ்ச நேரத்தில் அந்த ‘மனுசன்’ ஃபேன் அலற ஆரம்பித்தான். எங்க வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். பெட்டி டப்பென்று அணைந்துவிட்டது.

“அடியே, எந்தக் கூறு கெட்டவ எஞ்சின மூட்ட கட்டுவா? தொட்டுப் பாரு, காய் ஒணத்துற ஸ்டோர் மாதிரி கொதிக்குது!”

உன் போனைப் பார்த்தால் அதுவும் சார்ஜ் தீர்ந்து இருட்டாகக் கிடந்தது. விடிந்தால் மச்சான் வந்துவிடுவார். அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் திட்டவில்லை. “அவுத்து விடுங்க, ஆறட்டும். போனையும் சார்ஜுல போடுங்க. வெரசா வந்துர்றேன்” என்றார்.

வந்து பார்த்தார். ஒரு டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. என் கட்டுக்கு அது பலி. மற்றது எழுந்தது. அதில் ஏறின வரைக்கும் எல்லாம் இருந்தது. மிச்சத்தையும் ஏற்றி, மூன்றாவது டிஸ்கிலும் எடுத்தார். “ஏறிருச்சுன்னு நம்பிராதீங்கம்மா. ஓட விட்டுக் காதால கேளுங்க. கேக்குற வரைக்கும் போன்ல கை வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மச்சான் வந்தார். சாப்பிட்டு முடித்ததும், கேட்டுப் பார்க்க வேண்டுமே என்று, பெட்டியில் இருப்பதில் கைக்கு வந்த ஒன்றை டிவியில் தட்டினேன். நீ வந்துவிட்டாய் அக்கா. அறை முழுக்க நீதான்.

“முத்து, இங்க ஒரே மஞ்சுடி, முன்னாடி போற ஜீப்பே தெரியல. அந்த மனுசன் மாத்திர போட்டாரான்னு கேட்டுச் சொல்லு. நான் கேட்டா போட்டேன் போட்டேன்னு பொய் சொல்லுவாரு.” பின்னால் ஒருத்தி, “ஏத்தா, புருசன் மேல அம்புட்டு நம்பிக்கையா?” என்று கேட்க, ஜீப்பே சிரித்தது.

மச்சான் பெட்டியை நோக்கித் திரும்பினார். பிறகு மெதுவாக, “பொய் இல்ல முத்து. அன்னைக்கு நெசமாவே போட்டேன்” என்றார்.

“சகல, பொட்டிக்கிட்ட போயி சத்தியம் பண்ற?” என்றார் எங்க வீட்டுக்காரர். மச்சானுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னொண்ணு போடும்மா” என்றார். பொழுது சாயும் வரை கேட்டோம். ஒன்றில், “முத்து, அந்த...” என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறாய். அந்த என்னக்கா? எதைச் சொல்ல வந்தாய்?

கிளம்பும்போது மச்சான் சொன்னார்: “போன அழிக்க வேணாம் முத்து. மருமகளுக்கு வேற வாங்கிக்கிருவோம்.”

“இல்ல மச்சான். எல்லாம் இருக்குன்னு நான் கேட்டுட்டேன். இது ஒழைக்கிற போனு, கொண்டு போங்க” என்று சொல்லி, நானே அழித்துக் கொடுத்தேன். மனசு பதறவில்லை அக்கா. அந்த நிம்மதியைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். மூன்றாவது டிஸ்கையும் அவரிடமே கொடுத்தேன். “இதுல எப்படிக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவ நம்ம வீட்லயும் இருக்கட்டும்” என்று வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுபோனார். செத்த டிஸ்குக்குப் பதில் புதிது வந்துவிட்டது. பெட்டி இப்போது கட்டில்லாமல், காற்றோட்டமாக இருக்கிறது.

இனி ஒவ்வொரு அமாவாசைக்கும் மச்சான் அந்த டிஸ்கை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட வேண்டும் என்று பேசியிருக்கிறோம். உனக்குப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்தபின், புதிதாகச் சேர்ந்ததை அதில் ஏற்றி, உன் பேச்சில் ஒன்றை இதிலும் அதிலும் ஓட விட்டுக் கேட்போம். எதிலாவது கேட்கவில்லை என்றால் அன்றைக்கே மற்றதிலிருந்து எடுத்து வைப்பேன். இது உன் மேல் ஆணை. உன் குரலை இனி ஒருநாளும் ஒற்றையாக நிற்க விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
முத்து