இணைப்பதற்கு முன் ஒரு வார்த்தை

மச்சான்,

புதுச்சேரியிலிருந்து ஒரு ஹாம் ரேடியோ நண்பர் கடிதம் போட்டிருக்கிறார். கடலூரில் உன் மொட்டைமாடியில் இருக்கும் ரிப்பீட்டரைத் தங்கள் ஊருடையதோடு இணைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமாம். உனக்கு வரவேண்டிய கடிதம். நீ கண்மூடிய பிறகு உன் மனைவி மொட்டைமாடிச் சாவியை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். மூன்று நாளாகிறது, பதில் எழுதக் கை வரவில்லை.

நான் உன்னிடம் இப்படி ஒரு வரிகூடக் கேட்டதில்லை. சிதம்பரத்தில் என் ரிப்பீட்டரை ஏற்றிய புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குரலை வாங்கித் தூரத்துக்கு அனுப்புகிற பெட்டிதானே, இதற்கு யாரைக் கேட்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னுடையதோடு இணைத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் இரண்டு மணி நேரம் இடைவெளியே விடாமல் பேசினார்கள். அத்தனையையும் அங்கேயும் அனுப்பி அனுப்பி உன் டிரான்ஸ்மிட்டர் சூடேறி எரிந்துபோனது.

நீ பஸ் பிடித்து வந்தாய். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

"யாரு வேணா பேசட்டும் மச்சான், அதுக்குத்தான வச்சிருக்கேன். இணைக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாய்.

காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாய். இணைப்பை எடுத்தேனே தவிர, தப்பு என்று என் வாயிலிருந்து வரவில்லை. மூன்று வருடம் வீம்பிலேயே போயிற்று.

பிறகு போன வருடக் கடைசியில் அந்தப் புயல். கடலூரில் கரண்ட் இல்லை, போன் இல்லை. முற்பகலில் என் ரிப்பீட்டரில் உன் குரல் கேட்டது, கார் பேட்டரியில் பேசினாய். உறவுக்காரர்களுக்குச் சொல்லச் சொல்லி ஊர் ஜனங்கள் கொடுத்த சேதிகள் உன்னிடம் குவிந்திருந்தன. என்னைப்போல் நீயும் பேசாமல் இணைத்திருக்கலாம்.

"ஒன் ரிப்பீட்டரோட இணைச்சுக்கட்டுமா மச்சான்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாய்.

"இந்த நேரத்துல இதெல்லாமா கேப்ப?" என்றேன்.

"கேக்கணும் மச்சான்."

அன்று முழுக்க மற்றவர்கள் சேதியைத்தான் பேசினோம். நம்முடையதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆறு மாதத்தில் நீ போய்விட்டாய்.

புதுச்சேரிக்காரருக்குச் சரி என்று எழுதிவிடுவேன். முறையாகக் கேட்டிருக்கிறார், நீயும் மறுத்திருக்க மாட்டாய். எனக்குத்தான் வெறுமையாக இருக்கிறது. இரண்டு ரிப்பீட்டருக்கும் இப்போது நானே பொறுப்பு. எதை எதோடு இணைக்கவும் இனி யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அன்று இதற்குத்தானே ஆசைப்பட்டேன்.

தப்பு என்னுடையதுதான் மச்சான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.