துப்புரவான வீடு

அக்கா,

காலையில் வாங்கி வந்த பன்னீர்த் திராட்சையின் சாறு சேலைத் தலைப்பில் கறையாகிவிட்டது. அலசியும் வாசனை போகவில்லை. தேனியில் மகள் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உட்கார்ந்து என்றா சொன்னேன்? ஒரு வரி எழுதுவதும் எழுந்து வாசல்வரை போய் வருவதுமாக இருக்கிறேன். மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

இந்த வாசனை வந்தால் நீங்களும் வந்துவிடுவீர்கள். வீரபாண்டியில் நாம் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு உங்கள் நாத்தனார் உத்தமபாளையத்திலிருந்து வந்து இறங்குவார். செருப்பைக் கழற்றும்போதே வீட்டைச் சுற்றி ஒரு பார்வை.

"பிள்ளகுட்டி இல்லாத வீடு, துப்புரவாத்தேன் இருக்கும்!"

பாராட்டுகிற குரலில்தான் சொல்வார். நீங்கள் சிரித்தபடி அடுப்படிக்குள் போவீர்கள். வெகுநேரம் வெளியே வரமாட்டீர்கள். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரமாக வரும்.

ஒருநாள் துப்புரவு என்ற அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டீர்கள். நான் கல்லூரியில் தமிழ் படித்தவளாயிற்றே! அகராதியைப் புரட்டிவிட்டு வந்து சொன்னேன். இன்றைக்கு அதற்குச் சுத்தம் என்று பொருள். துப்புரவாக ஒன்றுமில்லை என்றால், அடியோடு இல்லை. ஆனால் பழைய தமிழில் உண்பதற்கும் அனுபவிப்பதற்கும் உள்ள பொருளெல்லாம் துப்புரவுதான். நிறைந்த வீட்டுக்குரிய சொல் எந்த வழியாகத் துடைத்த வீட்டுக்கு வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் யோசித்தீர்கள். "திங்கிற பண்டமா? அப்பத் தின்னா தரை குப்பையாகத்தான செய்யும்?"

அடுத்த திருவிழாவுக்கு ஒரு கூடைத் திராட்சை வாங்கி, என் பிள்ளைகளைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்கார வைத்தீர்கள். "கொட்டையையும் தோலையும் தரையிலயே போடுங்க. ஆரும் எடுக்கக் கூடாது."

விவரம் தெரியாத உங்கள் வீட்டுக்காரர், தன் அக்கா வருகிற நேரத்தில் வீடு இப்படிக் கிடக்கிறதே என்று பெருக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிப்போய் அவர் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கினீர்கள். மனிதர் திருதிருவென்று விழித்தார். நாத்தனார் கொட்டையை மிதித்துவிட்டு, "என்னத்தா இது கூத்து? ஆரு பிள்ளைக?" என்றார்.

"நம்ம பிள்ளைகதேன் மதினி" என்றீர்கள். அந்த வருசம் அவர் அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை.

அன்று தரையில் உட்கார்ந்து தின்றவள்தான் என் மகள். அவளுக்குக் கல்யாணமாகி வருசங்கள் ஓடிவிட்டன. மதுரைக்கும் தேனிக்குமாக ஆஸ்பத்திரிக்கு அலைகிறாள். நீங்கள் இன்று உயிரோடு இருந்திருந்தால் அவள் உங்களிடம்தான் வந்து அழுதிருப்பாள்.

இன்று திருவிழாவுக்கு அவளுடைய சின்ன மாமியார் வருவதாக இருந்தது. நான் வந்து பார்த்தபோது இவள் விடிந்ததிலிருந்து தேய்த்துத் தேய்த்து, தரை பளபளவென்று இருந்தது. எனக்கே அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அதிலிருந்துதான் இந்த இருப்புக் கொள்ளாமை.

சின்ன மாமியார் வந்தார். சுற்றி ஒரு பார்வை. அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? "பரவால்லயே, வீடு நல்லா..." என்று அவர் இழுக்கும்போதே திராட்சைப் பையைப் பிரித்து ஒரு பழத்தை வாயில் போட்டு, கொட்டையைத் தரையில் போட்டேன்.

மகள் திகைத்து என்னைப் பார்த்தாள். பிறகு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து ஒரு கொத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தோலையும் போடணும்மா. பெரியம்மா அப்பிடித்தான சொல்லுவாக?"

"ஆரு அந்தப் பெரியம்மா?" என்றார் வந்தவர். "அவுகளுக்குப் பிள்ளைக எத்தன?"

மகள் தலை நிமிராமல் தோலை உரித்துப் போட்டாள். "நாந்தேன் இருக்கேன்ல."

இதை உங்களிடம் சொல்லாமல் என்னால் உட்கார முடியவில்லை, அக்கா.