எட்டாவது வீட்டின் தண்ணீர் முறை

எலூல் மாதம் 5

வானத்தையும் பூமியையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன்: இந்த ஓட்டுச்சில்லுகளில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். இன்னும் எதுவும் நடக்கவில்லை. அதனால் என்ன? சல்லூம் ஆகிய நான் குடியிருக்கும் என்சூவால் ஊரில் நடக்காமலா போய்விடும்?

சில்லு கிடைத்த விதம்: அக்காள் மகள் மில்காளின் எண்ணெய் ஜாடி உடைந்தது. நான் உடைக்கவில்லை. காளை பருமனில் ஒரு நரி வந்து, அதோடு நான் மல்லுக்கட்டியதில் —

"மாமா, நீங்க அதுமேல உக்காந்தீங்க."

சரி, உட்கார்ந்தேன். நரியும் இருந்தது.

"நீங்க பேசிப் பேசி என் காது தேயுது. இந்தாங்க ஓடு. இனிமே இதுகிட்டப் பேசுங்க."

மிஸ்பாவில் ஆளுநரின் கிடங்கில் பத்து வருஷம் ஜாடிகளுக்குப் பெயர் எழுதிய கை இது. உலகத்தில் இதற்கு ஈடான கைகள் இரண்டே. இரண்டும் என்னுடையவை.

எலூல் 6, வாரத்தின் ஆறாம் நாள்

நேற்று அந்தி முதல் இன்று அந்திவரை எங்கள் வீட்டு முறை.

வருங்கால ராஜாக்கள் இந்தச் சில்லைத் தோண்டியெடுத்துப் படித்துக் குழம்பக்கூடாதே, அதனால் சொல்லிவைக்கிறேன். ஊற்று ஒன்று, வாய்க்கால் ஒன்று, வீடு எட்டு, மடை எட்டு. வீட்டுக்கு ஒரு நாள் தண்ணீர். முறை முடிந்தவன் தன் மடையை அடைத்துவிட்டு அடுத்த வீட்டை மூன்று தரம் கூப்பிடவேண்டும். கூப்பிடாமல் மடைக்கல்லைத் தொட்டால் ஊரே கல்லெடுக்கும்.

எங்களுக்கு முந்தின முறை பக்பூக்குடையது. "ஏனான் வீட்டு முறை!" என்று பல்லில் மணல் கடிபட்டவன்போல் கூப்பிட்டான். ஏனான் என் அக்காள் புருஷன். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். மகன் இல்லை. மில்காள் ஒருத்திதான். அவளும், அவளுடைய வெள்ளரிப் பாத்திகளும், காவல்குடிசையில் நானும்.

தண்ணீர் பாய்ந்தது. கொடி வளர்ந்த வேகத்தில் என் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. குடிசையில் படுத்தவன் பக்பூக்கின் அத்திமரத்தில் கண்விழித்தேன். அத்திப்பழம் என் வாய்க்குள் எப்படிப் போனது என்று அவன் கேட்டதற்கு இதுதான் பதில்.

எலூல் 9

வெயில். ஒரு பல்லி என் நிழலில் நிற்க அனுமதி கேட்டது. கொடுத்தேன்.

எலூல் 15

நேற்று எழுதவில்லை. ஓய்வுநாள்.

"எழுதுறது வேலையில சேருமா மில்கா?"

"நீங்க செஞ்சா எதுவுமே வேலையில சேராது மாமா."

இருந்தாலும் எழுதவில்லை. எனக்கும் தேவபயம் உண்டு.

நேற்று எங்கள் முறை. அதுவும் ஓய்வுநாளில்! எருசலேமில் ஓய்வுநாளுக்கு வாசல் பூட்ட ஆரம்பித்த வருஷத்திலிருந்து இங்கேயும் அன்றைக்கு ஒருவரும் மடையைத் தொடுவதில்லை. எட்டு மடையும் மூடிக் கிடக்க, தண்ணீர் முழுவதும் பள்ளத்தாக்குக்கு ஓடிற்று. நரிகள் குளித்தன. ஒரு நரி முதுகு தேய்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டது.

குறை சொல்லக்கூடாது. எட்டு நாளுக்கு ஒரு முறை சுற்றுவதால் ஓய்வுநாள் எல்லா வீட்டுக்கும் மாறி மாறித்தான் வரும். இந்தத் தடவை நமக்கு. ஆனால் அடுத்த முறை 22-ஆம் தேதி. நடுவில் பதினைந்து நாள் வறட்சி. எலூல் வெயிலில்.

மில்காள் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியைக் கொடிக்கு ஊற்றினாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

எலூல் 16

ஊர்வாசலில் பெரியவர் மெசுல்லாம் தலைமையில் கூட்டம். பக்பூக் எழுந்தான். நெஞ்சை நிமிர்த்தி, தாடியை நீவி, தானே மலையைப் படைத்தவன்போல —

"ஏனானுக்குப் புள்ள இல்ல. வீடு அணைஞ்சுபோச்சு. இனிமே ஏழு வீடு, ஏழு நாள். ஆண்டவரு உலகத்தையே ஏழு நாள்ல முடிச்சாரு, நமக்கு மட்டும் எதுக்கு எட்டு?"

"வீடு அணையல," என்றாள் மில்காள், பெண்கள் பக்கத்திலிருந்து. "நான் இருக்கேன். அப்பன் நிலம் பொண்ணுக்கு உண்டுன்னு நியாயப்பிரமாணமே சொல்லுது."

"நிலம் உண்டு தாயி. யாரு இல்லேன்னா? தண்ணியப் பத்தி எதுவும் சொல்லலியே!"

சிரித்தார்கள். ஏழு என்றதும் எல்லார் முகத்திலும் ஒரு பரிசுத்தம். முறை ஒரு நாள் முந்தி வருமே, அந்தப் பரிசுத்தம். நாளை மறுநாள் தீர்ப்பு.

தண்ணீர் இல்லாத நிலம் என்றால் என்ன? கல். கல்லை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்வாள்? விற்றுவிட்டு எவன் வீட்டிலாவது மாவரைக்கப் போவாள். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தூசி. எலூலில் தூசி அதிகம்.

எலூல் 17

என் மூன்று மகத்தான யோசனைகள்:

ஒன்று, ஒட்டகத்தில் ஏறிப் பாரசீக ராஜாவிடம் போய் முறையிடுவது. ஒட்டகம் இல்லை. இரண்டு, பக்பூக்கின் கழுதைக்குப் பேசக் கற்றுக்கொடுத்து அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவைப்பது. நம் முன்னோர் காலத்தில் நடந்திருக்கிறது. கழுதை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று, அழுவது.

மூன்றாவதை ஆரம்பிக்கும்போது மில்காள் பாயில் அவரைப் பருப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். வரிசைக்கு ஏழு. கீழே இன்னும் ஏழு. அதன் கீழே ஏழு. ஓய்வுநாளுக்கு மட்டும் கறுப்புப் பருப்பு.

"மாமா, இந்த ஓய்வுநாள் யாரு முறை?"

"பக்பூக் முறை. 21. அடுத்தது நாம."

"நம்மள எடுத்துடுங்க. அடுத்த நாள்லேருந்து மெசுல்லாம் தாத்தா, அப்புறம் ஒவ்வொரு வீடா எண்ணிட்டு வாங்க. கடைசி வீடு பக்பூக். எதுல வந்து நிக்குது?"

எண்ணினேன். கறுப்பு. அடுத்த வரிசை. கறுப்பு. அதற்கடுத்ததும்.

"வாரத்துக்கு நாள் ஏழு," என்றாள். "வீடும் ஏழு."

நான் சிரித்த சிரிப்பில் உருண்டு மூன்று படிநிலத்தைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் போய் எழுந்தேன். எரிகோவில் ஒரு சுவர் விரிசல் விட்டதாகக் கேள்வி.

இந்தக் கண்டுபிடிப்பில் பாதி என்னுடையது. அந்த அவரையை வெயிலில் காயவைத்தவன் நான்.

எலூல் 18

பெரிய சில்லாகத் தேடியெடுத்து எழுதுகிறேன். அடுப்புப் பானையின் அடிப்பாகம். அது இன்று காலைவரை உடையாமல்தான் இருந்தது.

ஊர்வாசலில் முதல் ஆளாக எழுந்தேன். மில்காளுக்காக மன்றாடப்போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் பக்பூக்கைக் கட்டித் தழுவினேன்.

"ஏழு! ஆகா, ஏழு!" என்று தொடங்கினேன். ஏழின் மகிமையைப் பாடினேன். வாசற்கல் கண்ணீர் விட்டது. மேலே பறந்த கொக்கு ஒன்று இறங்கி உட்கார்ந்து கேட்டது. கடைசியில், "எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். யாருக்குப் பிறகு யார் என்கிற வரிசை முன்னோர் வகுத்தது. அதை ஒருநாளும் மாற்றமாட்டேன் என்று அண்ணன் பக்பூக் ஆணையிடட்டும்," என்றேன்.

"மாத்துவேனா? என் தலைமேல ஆணை! என் தாடிமேல ஆணை!"

"அப்ப பெரியவர் வாயால நாளைச் சொல்லிடட்டும்."

மெசுல்லாம் விரலை மடக்கினார். அவர் ஒரு விரல் மடக்குவதற்குள் ஒரு ஆடு குட்டி போட்டுவிடும்.

"ஓய்வுநாள் முடிஞ்ச அந்தியில நான். அதுக்கடுத்து கெரோசு..." என்று போய், ஆறாவது வீட்டில் ஒரு மூச்சு வாங்கி, "ஏழாவது நீ, பக்பூக்கு. ஓய்வுநாள்."

"அது இந்த வாரம். அடுத்த வாரம் சொல்லுங்க பெரியவரே."

மறுபடி மடக்கினார். "ஓய்வுநாள்."

"அதுக்கடுத்த வாரம்?"

பெரியவர் தன் விரல்களை ஒரு தரம் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "எண்ணிக்கிட்டே இருக்கலாம்ப்பா. நீ செத்தாலும் ஓய்வுநாள்தான்."

பிறகு கெரோசு கத்தினான்: "ஆயுசுக்கும் ஓய்வு! கொடுத்துவச்ச மனுசன்யா!"

வெடித்தது சிரிப்பு. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் சிரித்துச் சிரித்துத் தன் மோவாய்க்கட்டையைக் கீழே தேடினான்.

"யாராவது நாள மாத்திக்குங்கப்பா," என்றான் பக்பூக். எல்லாரும் மாட்டேன் என்றார்கள். "தாடிமேல ஆணை வச்சியே, செரைச்சிட்டு வா, பேசலாம்."

பெண்கள் பக்கத்திலிருந்து அவன் மனைவியின் குரல்: "யோவ்! என் வெங்காயம் என்ன ஓய்வுநாள் கொண்டாடுமா? அந்தப் பொண்ணுகிட்டப் போய்க் கேளு, எட்டாவது வீடா இருக்கச் சொல்லி!"

கேட்டான். பக்பூக் கேட்டான்! மில்காள் இதோ சரி என்று சொல்லிவிடுவாள் என்று நான் குதிக்கத் தயாராக நின்றேன். அவள் சொல்லவில்லை.

"இருக்கேன். ஆனா என் பேரச் சொல்லிக் கூப்பிடணும். அப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டா, ஆளில்லாத வீடுன்னு நாளைக்கு வேற யாராவது கிளம்புவாங்க."

"வாய்க்கால்ல பொண்ணு பேரு கூப்பிட்டதே இல்லையேம்மா," என்றார் மெசுல்லாம்.

"வெள்ளரிக்கு அது தெரியாது தாத்தா."

பெரியவர் பக்பூக்கின் பக்கம் திரும்பினார். "கூப்பிட வேண்டியவன் பக்பூக்கு. அவன் வாயால கூப்பிட்டா செல்லும். இல்லேன்னா ஏழுதான்."

பக்பூக் வீட்டுக்குப் போய்விட்டான்.

அடிப் பெண்ணே! கையில் வந்த தண்ணீரை ஒரு பெயருக்காகத் தட்டிவிடுவாளா ஒருத்தி? என்று திட்டினேன். ஓட்டிடம்தான்.

எலூல் 20

பக்பூக் மனைவி அவனுக்கு இரண்டு நாளாகச் சோறு போடவில்லையாம். இது நான் கிளப்பிய வதந்தி அல்ல. பாதிதான் நான் கிளப்பியது.

கொடியில் கீழ் இலைகள் மஞ்சள்.

எலூல் 22

ஓய்வுநாள் கழிந்து இன்று காலை எழுதுகிறேன்.

நேற்று முழுக்கப் பக்பூக் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, தன் முறைத் தண்ணீர் பள்ளத்தாக்குக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது குத்தலாகச் சொல்லவேண்டும் என்றுதான் போனேன்.

"ஆயுசுக்கும் இப்படியே ஓடுமா சல்லூம்?" என்றான்.

"ஓடும் அண்ணே."

அந்தியில் ஊர் முழுக்க வாய்க்காலில். மூன்று நட்சத்திரம் தெரிந்தது. ஓய்வுநாள் முடிந்தது. மில்காள் மடைக்கல் அருகே வெறுங்காலோடு நின்றாள். பக்பூக் எழுந்து கைகளை வாயருகே குவித்தான்.

"ஏனான் வீட்டு முறை!"

அவள் அசையவில்லை.

"ஏனான் வீட்டு முறை..." இரண்டாவது தரம். குரல் இறங்கியிருந்தது. அவள் கல்லைத் தொடவில்லை. மெசுல்லாம் தொண்டையைச் செருமினார். இன்னும் ஒரு தரம் தவறினால் அடுத்த மடை பெரியவருடையது. நான் வேண்டிக்கொண்ட வேண்டுதலில் மேகங்கள் மோதிக்கொண்டன.

மூன்றாவது தரம் அவன் கூப்பிட்டான்.

அவள் கல்லைப் புரட்டியதும் தண்ணீர் குதிரை உயரத்துக்குப் பாய்ந்தது. என்னைத் தூக்கி மெசுல்லாமின் தோளில் உட்காரவைத்தது. மஞ்சள் இலைகள் கைதட்டின. வெள்ளரிகள் காய்த்துக் காய்த்துக் குடிசைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயின. பக்பூக் மனைவி ஆடிய ஆட்டத்தில் எருசலேமில் விளக்குகள் அணைந்தன.

சரி சல்லூமே, சில்லில் இடம் தீர்ந்துவிட்டது. உண்மையைச் சொல். தண்ணீர் என் கட்டைவிரல் பருமன்தான் வந்தது. இலைகள் இன்னும் மஞ்சள்தான். பிழைக்குமோ என்னவோ. எழுதியதில் எதையும் யாரும் நம்பவேண்டாம். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். மூன்றாவது தரம் பக்பூக், ஊற்றுப் பாறைவரை கேட்கும்படி, "மில்காள் முறை!" என்று கூப்பிட்டான்.