கணினிக்கு ஒரு காய்ச்சல் அட்டை

சிஸ்டர்,

இன்று காலை கடையில் ஒரு கணினியைப் பிரித்து, அதன் பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த பசையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலை. முன்பெல்லாம் அந்த ஸ்பிரிட் வாசனை எனக்குக் கடை வாசனைதான். இன்று பஞ்சை எடுத்ததும் நீங்கள் வந்து நின்றீர்கள். டூட்டி முடிந்து வெள்ளைச் சேலையோடு, கையில் மடக்கிய குடையோடு, ஆஸ்பத்திரி வாசனையோடு என் கடைப் படியேறி வருவீர்களே, அப்படி. வேலையை ஓரமாக வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் அடக்க ஆராதனையில் எத்தனையோ பேர் எழுந்து பேசினார்கள். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. பின்வரிசையில் நின்றேன், வாய் வரவில்லை. அன்று சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதல் தடவை நீங்கள் வந்தது உங்கள் மகன் ஆசீருக்காக. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த பையன், பைக்கில் அடிபட்டு, திருப்பதி ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்து, சக்கர நாற்காலியில் சித்தூர் வீட்டுக்குத் திரும்பியிருந்தான். அதையெல்லாம் நீங்கள் அன்று விவரமாகச் சொல்லவில்லை.

“கேம் ஆடுற கம்ப்யூட்டர் ஒண்ணு நல்லதா பூட்டிக் குடுங்க தம்பி. அவங்கூட வேல செஞ்ச பசங்க நாலு பேரு திருப்பதியில ரூம் எடுத்துக்கினு கீறாங்க. சாயங்காலமானா எல்லாரும் ஒண்ணா ஆடுவாங்களாம். இவன் மட்டும் இங்க ஒண்டியா கீறான்” என்றீர்கள்.

பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிய அன்று ஆசீர் காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, “டேய், நான் வந்துட்டேன்டா!” என்று கத்தியதும், நீங்கள் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து பார்த்ததும் எனக்கு மறக்கவில்லை.

ஒரு வாரம் சரியாக ஓடியது. பிறகு ஆரம்பித்தது அந்த நீலத்திரை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே படம் உறையும், திரை முழுக்க நீலமாகும், ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வரும், தானே அணைந்து எழுந்திருக்கும். ஒரு நாள் இரண்டு தடவை, மறுநாள் ஒன்றுமில்லை, அதற்கு மறுநாள் நான்கு தடவை. திரையில் காட்டுகிற காரணமும் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது.

நீங்கள் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். நான் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். திரும்பவும் வந்தீர்கள். கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரை மாற்றினேன். மூன்றாவது தடவை மெமரி ராம் இரண்டையும் கழற்றி வேறு போட்டேன். மூன்று தடவையும் என் மேசை மேல் ராத்திரி பகலாக ஆட்டத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு முறைகூட நிற்கவில்லை. உங்கள் வீட்டுக்குப் போனதும் நின்றது.

அப்போது நான் சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

“மெஷின்ல ஒண்ணுமில்ல சிஸ்டர். தம்பி ரொம்ப நேரம் ஆடுறாரு. அதான் சூடாகி நின்னுடுது. ஆடுறத கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க.”

“நிஜமாவா தம்பி?”

“ஆமா சிஸ்டர். பசங்க இப்பல்லாம் அப்படித்தானே.”

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராமல் சொன்ன வார்த்தை அது. நீங்கள் அதை நம்பினீர்கள். தெரிந்தவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டீர்கள். வீட்டுக்குப் போய், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்று ஆசீருக்குக் கட்டளை போட்டீர்கள். அந்த ஒரு மணி நேரத்திலும் நீலத்திரை வந்தது. ஐந்து பேர் ஆட்டத்தில் ஒருவன் பாதியில் காணாமல் போனால் மற்ற நால்வரும் தோற்பார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, திருப்பதிப் பையன்கள் அவன் இடத்தில் வேறு ஒருவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆசீர் கணினியை ஆன் செய்வதையே குறைத்துக்கொண்டான். பாட்டுக் கேட்பான், அணைப்பான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான்காவது தடவை நீங்கள் வரும்போது கணினி இல்லை, கையில் ஒரு தாள் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலடியில் தொங்குமே காய்ச்சல் அட்டை, அது மாதிரியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தீர்கள். தேதி, மணி, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, திரையில் என்ன எழுதியிருந்தது. மருந்துப் பெயர் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தையும் பெரிய ஆங்கில எழுத்தில் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தீர்கள்.

“காய்ச்சல் எப்ப வருதுன்னு எழுதாம எந்த டாக்டரும் மருந்து மாத்தமாட்டாரு தம்பி. இருவது நாள் எழுதிக்கினு வந்துகீறேன். பாருங்க.”

படித்தேன். ‘பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான்.’ ‘போட்டோ பார்த்தேன், நான்தான்.’ ‘காலை ஆறு மணி, ஆன் செய்து பத்து நிமிடம், ஒன்றும் செய்யவில்லை.’ ஆட்டத்துக்கும் நீலத்திரைக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்தத் தாள் சொன்னது. நான் சொன்னது பொய் என்று அது நேராகச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

தப்பிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். நடுவில் இரண்டு நாள் வெறுமையாக இருந்தது.

“இந்த ரெண்டு நாள் எழுத மறந்துட்டீங்களா சிஸ்டர்?”

“மறக்கல. அன்னிக்கு வரல.”

“அந்த ரெண்டு நாள் ஆன் பண்ணீங்களா?”

“பண்ணானே. நல்லா ஓடுச்சி.” கொஞ்சம் யோசித்தீர்கள். “மழ. வாசப்பக்கமா தண்ணி உள்ள வந்துடுச்சி. மெஷின தூக்கி கட்டில் மேல படுக்க வெச்சிருந்தேன். தரை காயற வரைக்கும் அப்படியேதான் இருந்துச்சி.”

என் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே பிரிப்பதற்காக இரண்டு கணினிகள் படுத்துக் கிடந்தன. கடையில் எல்லாக் கணினியையும் படுக்க வைத்துத்தான் வேலை செய்வோம். உங்கள் கணினியையும் மூன்று தடவையும் அப்படித்தான் சோதித்திருந்தேன்.

நான் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொன்னீர்கள். “தலசுத்தல்னு வர்ற பேஷண்டுக்கு படுக்க வெச்சி ஒரு தடவ பிபி பாப்போம், நிக்க வெச்சி ஒரு தடவ பாப்போம். இது படுத்தா நல்லா கீது, நின்னா விழுந்துடுது. அப்படித்தானே தம்பி?”

அன்று மாலையே உங்களோடு வீட்டுக்கு வந்தேன். நிற்க வைத்தேன், அரை மணி நேரத்தில் நீலம். படுக்க வைத்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு மேசை மேல் வைத்துப் பிரித்தேன். ஆசீர் உள்ளறையில் இருந்தான், வெளியே வரவில்லை.

பிராசஸரைக் குளிர வைக்க அதன் மேல் கனமான ஒரு கூலர் இருக்கும். அதை நான்கு மூலையில் ஸ்க்ரூ போட்டு, மதர்போர்டின் பின்பக்கத் தகட்டோடு சேர்த்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு வாஷர். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மூன்று வாஷர்தான் இருந்தது. நான்காவது மூலையில் வெறும் ஸ்க்ரூ. அதனால் கூலர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நிற்க வைத்தால் அதன் பாரம் அந்த மூலையில் தொங்கும். அடியில் பிராசஸர் இம்மி அளவு சாயும். சாய்ந்தால் ராமுக்குப் போகிற இணைப்பு ஒன்று விட்டு விட்டுத் தொடும்.

அந்த வாஷர் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பூட்டிய அன்று கை தவறிக் கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. குனிந்து தேடச் சோம்பல்பட்டு, மூன்று போதும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று இறுக்கிவிட்டேன்.

டீயோடு பக்கத்தில் வந்து நின்றீர்கள். “என்னா தம்பி, தெரிஞ்சிச்சா?”

“தூசி சிஸ்டர். உள்ள தூசி அடைச்சிக்கினு கீது.”

சொல்லிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் டீயை வைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தீர்கள். கடைசி வரிக்குக் கீழே ‘காரணம்’ என்று எழுதிக் கோடு போட்டு, மார்புப் பக்கம் செருகியிருந்த பேனாவை நீட்டினீர்கள்.

“எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஆசீர் படிப்பான்.”

‘தூ’ என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது, சக்கரத்தின் ஓரம் தெரிந்தது. எழுதிய எழுத்தை அடித்தேன். ‘பூட்டியவன் தவறு. ஒரு வாஷர் போடவில்லை. ஆடியதால் வந்தது அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு தடவை படித்தீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன்.

“பூட்டுன அன்னியிலருந்தே இப்படித்தான் இருந்துச்சா?”

“ஆமா சிஸ்டர்.”

“அப்ப அவன் மேல தப்பே இல்ல.”

“இல்ல சிஸ்டர்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். “ஒரு மாசமா அவன திட்டிக்கினு இருந்தேன் தம்பி. சொன்ன பேச்சு கேக்காம கெடுத்து வெச்சிட்டன்னு.” பிறகு எழுந்து, “வாங்க. நீங்க உங்களுத சொல்லுங்க, நான் என்னுத சொல்றேன்” என்று முன்னால் நடந்தீர்கள்.

நான் சொன்னேன். ஆசீர் கேட்டான். நீங்கள் சொன்னீர்கள், “ஆசீரு, அம்மா உன்ன சும்மா சும்மா திட்டிட்டேன்டா. மன்னிச்சுடு.” அவன் உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

“அப்ப நான் ஒண்ணுமே பண்ணலையாண்ணா?”

“ஒண்ணுமே பண்ணல.”

“நான் தொட்டா எல்லாம் ஒடஞ்சிடுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மொதல்ல பைக்கு, அப்புறம் இது.”

நீங்கள் பீரோவைத் திறந்து, மடித்து வைத்த துணியையே எடுத்துத் திரும்ப மடித்தீர்கள். நான் அந்த அறையிலேயே தலை குனிந்து நின்றேன். ஒரு வாஷரைத் தேடச் சோம்பல்பட்டது இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கூலருக்குப் பொருந்துகிற வாஷர் சித்தூரில் கிடைக்கவில்லை. மறுநாள் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். கிளம்புமுன், அந்தப் பையன்களின் ரூம் எங்கே என்று ஆசீரைக் கேட்டேன். “வேணாண்ணா, வுடுங்க” என்றான். கேட் வரை வந்து முகவரி எழுதிய சீட்டை என் சட்டைப் பையில் வைத்தது நீங்கள்.

வழியில் புத்தலப்பட்டு தாண்டும் வரை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். ரூமில் மூன்று பேர் இருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தோத்துக்கினு இருக்கும்போதெல்லாம் போயிடுவாண்ணா. கோவத்துல ஆஃப் பண்றான்னு நெனச்சோம். கேட்டா மெஷின் மெஷின்னான்” என்றான் ஒருவன்.

“மெஷின்தான். அதைத் தப்பா பூட்டுனது நான்” என்றேன்.

“அவுனா அண்ணா?” என்றான் உயரமான தெலுங்குப் பையன். நிஜமா என்று இன்னொரு தடவை தமிழிலும் கேட்டான். சோற்றுக் கையோடு எழுந்து, இடது கையால் போனை எடுத்து அங்கேயே ஆசீரைக் கூப்பிட்டான். முதலில் கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு சிரித்தான். நான் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டேன்.

வாஷர் போட்டு, நான்கு மூலையும் சமமாக இறுக்கி, கணினியை நிற்க வைத்தேன். ஆசீர் மறுபடி அவர்களோடு ஆட ஆரம்பித்தான். அதற்குப் பிறகும் பதினைந்து நாள் நீங்கள் அட்டை எழுதினீர்கள். எல்லாக் கட்டமும் வெறுமை. பதினாறாவது நாள் கடைக்குக் கொண்டுவந்து என் கண் முன்னால் ‘டிஸ்சார்ஜ்’ என்று எழுதிச் சிரித்தீர்கள்.

தூசி என்று நான் சொன்னது பொய் என்று உங்களுக்கு அப்போதே தெரியுமா? கேட்கவே இல்லை நான். நீங்களும் பேச்செடுத்ததில்லை. அடித்த எழுத்து அந்தத் தாளில் தெளிவாகத்தான் இருந்தது.

அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்குப் பலகாரம் வந்தது. என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் முதல் போன் உங்களுக்குத்தான் போனது. இப்படி மூன்று வருடம். பிறகு உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். வேலை பார்த்த வார்டிலேயே படுத்தீர்கள். கடைசியாகப் பார்க்க வந்தபோது உங்கள் கை மரக்குச்சி மாதிரி இருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

“ஆசீருக்கு சோறு ஆக்கிப்போட என் தங்கச்சி வந்துடுவா தம்பி. அதுல கவல இல்ல. பேச்சுத் தொணதான் வேணும். அந்தப் பசங்களுக்குக் கல்யாணம் ஆகிக்கினு கீது, ஒவ்வொருத்தனா ஆடறத வுட்டுடறாங்க. நீங்க ஆடுவீங்களா?”

“எனக்கு ஆடத் தெரியாதே சிஸ்டர்.”

“கத்துக்கலாமில்ல?”

கற்றுக்கொண்டேன் சிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் வீட்டில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்துவிடுவேன். ஆசீர், அந்த உயரமான பையன், இன்னும் இரண்டு பேர், ஐந்தாவதாக நான். நாற்பத்தாறு வயதில் எனக்கு எதிரி யார் நம் ஆள் யார் என்று சட்டென்று தெரிவதில்லை. போன வாரம் நம் ஆளையே சுட்டுவிட்டேன்.

“எவன்டா அது?” என்று ஆசீர் கத்தினான்.

“நான்தான் ஆசீரு” என்றேன்.

“பரவால்லண்ணா, வாங்க” என்றான்.