பழைய வேஷ்டியில் கட்டின மூட்டை

முனீர்கா, புதுடெல்லி
புதன்கிழமை மத்தியானம்

அன்புள்ள அபினவுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் இந்த டிசம்பர் புகையிலும் எப்படியோ மூச்சு விட்டுண்டு இருக்கோம், அந்த மட்டும் க்ஷேமம். நீயும் மாட்டுப்பொண்ணு ஜ்யோத்ஸ்னாவும் பனியில் வழுக்கி விழாம, வேளைக்குச் சாப்பிட்டுண்டு நன்னா இருக்கணும்னு விளக்கேத்தும்போதெல்லாம் வேண்டிக்கறேன். நேத்திலேர்ந்து உனக்கு போன் பண்ணிண்டே இருக்கேன். ஒரு தடவை எடுத்தே, மீட்டிங்கில் இருக்கேன், ஜல்தி சொல்லும்மான்னே, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வெச்சுட்டே. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், அதைக் கேக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினே. அதனாலதான் காகிதத்தில் எழுதி அப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். மந்திர் மார்க் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் தமிழ் படிச்ச பிள்ளை நீ, எழுத்துக்கூட்டியாவது கடைசி வரைக்கும் படி. என் மானமே இதில்தான் இருக்கு.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிர்த்தாப்போல இருக்கற பழைய ஏரோட்ரோமுக்கு நான் வாரத்தில் ரெண்டு நாள் போறது உனக்குத் தெரியும். ரிடையர் ஆனவாளுக்குப் பொழுது போக வேண்டாமான்னு கேலி பண்ணுவே. பண்ணிக்கோ. அங்கே ஷெட்டில் இருக்கற கிளைடருக்கு, இன்ஜினே இல்லாத அந்த மர விமானத்துக்கு, இறக்கை பூரா துணி போர்த்தி, உள்ளே இருக்கற ஒவ்வொரு விலாக்கட்டையோடயும் சேர்த்துத் தைச்சது உங்க அம்மா. விரல் மரத்துப் போற குளிரில், ரெண்டு சீசன். ஆபீஸில் அத்தனை வருஷம் டைப் அடிச்சேனே, அதில் ஒரு பேப்பராவது இன்னிக்கு எங்கேயாவது இருக்குமா? இந்தத் தையல் இருக்கு. நான் பண்ணினதுன்னு சொல்லிக்க எனக்கு அதுதான் இருக்கு.

மழைக்காலத்தில் அந்த ஷெட் ஒழுகும். இறக்கையைக் கழட்டி உள்சுவரோரமா சாய்ச்சு வெச்சுடுவோம். கழட்டின சாமானை அங்கே விட்டா, மறுநாள் பித்தளையும் இருக்காது, இரும்பும் இருக்காது. அதனால கிளைடரைச் செப்பனிடற எங்க கூட்டத்துக்கெல்லாம் பெரியவர் வைத்தி மாமா ஒரு வழக்கம் வெச்சார். ஆளுக்கொரு சாமானா வீட்டுக்கு எடுத்துண்டு போயிடணும், குளிர்காலம் வந்ததும் கொண்டு வரணும். விமானம் ஊர் பூரா சிதறிக் கிடக்கும். சுந்தரேஷ், ஓட்டறவர் பிடிச்சுக்கற குச்சியை கோல் மார்க்கெட்டில் தன் வீட்டு சுவாமி அலமாரிக்குக் கீழே வெச்சிருந்தார். விஜயலக்ஷ்மி, உயரம் காட்டற மீட்டரை ஈரம் படாம இருக்கணும்னு அரிசி டப்பாவில் புதைச்சு வெச்சிருந்தா. என் பங்கு நாலு பின். கட்டைவிரல் கனம், ஒரு சாண் நீளம், நல்ல எஃகு. இறக்கையை உடம்போட சேர்த்துப் பிடிக்கறது அந்த நாலும்தான். எண்ணெய் தடவி, அப்பாவோட பழைய வேஷ்டியைக் கிழிச்சுச் சுத்தி, கட்டிலுக்கடியில் வெச்சேன்.

இப்போ ஏரோட்ரோம்காரா அந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டா. பெங்களூர்ப் பக்கத்தில் ஒரு மியூசியம், கிளைடரை நாங்க எடுத்துக்கறோம்கறது. ஆனா அவா ஆள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்க்கும்போது அது இறக்கையோட முழுசா நிக்கணும். நிக்கலைன்னா எடுத்துக்க மாட்டா. மறுநாளே பழைய இரும்பு வாங்கற கபாடிக்காரன் லாரி வந்து அறுத்து ஏத்திண்டு போயிடும். இன்னும் ஒரு நாள் தவணை கேட்டுப் பார்த்தாச்சு, முடியாதுன்னு சொல்லிட்டா.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவா அவா சாமானைக் கொண்டு வந்தா. மூணு பேர் ஒரு பக்க இறக்கையைத் தூக்கிப் பிடிச்சுண்டு நிக்கறா, வைத்தி மாமா என்னைப் பார்த்துக் கையை நீட்டறார். நான் மூட்டையைப் பிரிச்சேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமோ? அப்பக்காரை. நம்மாத்து ஏழு குழி இரும்பு அப்பக்காரை, கோகுலாஷ்டமிக்கு அப்பம் பண்ணுவேனே, அது. ஒருத்தரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. வைத்தி மாமா, "இறக்கையை இறக்கி வைங்கோ, கை வலிக்கும்"னார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போயிடலாம் போல இருந்தது.

ஆத்துக்கு வந்து கட்டில், பரண், பால்கனி எல்லாம் தலைகீழாப் புரட்டியாச்சு. அப்பாவுக்கு முட்டி வலி, அப்படியும் பரணில் ஏறிப் பார்த்தார். அப்புறம், பழைய சாமான்தானே, போனாப் போறதுன்னார், அன்னிக்கு ராத்திரி அவருக்கு ரசம் சாதத்தோட சரி. லேத் பட்டறையில் புதுசாப் பண்ணிக்கலாமேன்னு நீ கேப்பே. ஒவ்வொரு பின்னும் அதோட ஓட்டைக்கு மட்டும்தான் சேரும், அளவு எடுக்காமப் பண்ண முடியாதாம். ஏரோட்ரோம்காரா வெளியாளை உள்ளே விட மாட்டேங்கறா, இறக்கையை வெளியே கொண்டு போகவும் விட மாட்டேங்கறா.

நேத்துதான் எனக்குப் புரிஞ்சுது. ஆகஸ்டில் நீங்க ரெண்டு பேரும் கிளம்பின அன்னிக்கு, பருப்புப்பொடி, வத்தல், நார்த்தங்காய்னு எல்லாத்தையும் அதே வேஷ்டித் துணியில் கட்டி உன் பெட்டியில் வெச்சேன். டாக்ஸிக்காரர் கீழே ஹாரன் அடிக்கறார், நீ பெட்டியை எடை பார்த்துண்டு கத்தறே. அப்பக்காரை மூட்டைன்னு நினைச்சுக் கட்டிலுக்கடியில் கையை விட்டு எதையோ எடுத்து அடியில் சொருகினேன். ரெண்டும் ஒரே கனம்டா கண்ணா. அது அப்பக்காரை இல்லை.

கோகுலாஷ்டமிக்கு நீ அப்பம் போட்டோ அனுப்பினே, உன் சட்டியிலதாம்மா பண்ணினோம்னே. நான் சந்தோஷத்தில் சொந்தக்காரா அத்தனை பேருக்கும் அனுப்பினேன். இன்னிக்குக் காலம்பற அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஓரத்தில் கறுப்பா ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி தெரியறது. நம்ம அப்பக்காரைக்கு ஏதுடா கைப்பிடி? எனக்குக் கோபமே இல்லை, சத்தியமா இல்லை. அம்மா மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பே. ஆனா அந்த மூட்டை எங்கே? பேஸ்மெண்டில் கிடக்கா? இல்லே, வேண்டாத சாமானோட சேர்த்து எங்கேயாவது கொடுத்துட்டேளா? பிரிச்சுப் பார்த்து, இதென்ன துருப்பிடிச்ச இரும்பு, அம்மாவுக்கு மறதி வந்துடுத்துன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுட்டியா? போட்டிருந்தா அதையும் மறைக்காம சொல்லிடு. நாளைக்கு வைத்தி மாமா முகத்தில் நான் முழிக்கணும்.

இருந்தா இதைச் செய். வசுமதி மாமி பொண்ணு ரோஹிணி டொரண்டோவிலேர்ந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பறா. பெரிய பெட்டியில் போட்டுண்டு வரேன்னு சொல்லிட்டா, அவள்கிட்ட பேசியாச்சு, நம்பரை அப்பா தனியா அனுப்புவார். சனிக்கிழமைக்குள்ள நீயே காரில் கொண்டு போய் அவள் கையில் கொடுக்கணும், கொரியர்னு எதையாவது சொல்லிடாதே. நாலும் இருக்கான்னு எண்ணிப் பாரு. எண்ணெயைத் துடைச்சுடாதே.

ஜ்யோத்ஸ்னாவைக் காதை மூடிண்டு வெளியில் போகச் சொல்லு. இட்லி மாவு குளிருக்குப் பொங்கலைன்னாளே, மாவை ஓவனுக்குள்ள வெச்சு லைட்டைப் போட்டு வைக்கச் சொல்லு. ரெண்டு பேரும் தீர்க்காயுசா, ஒரு குறையும் இல்லாம இருக்கணும்.

ஸ்கூலுக்குப் போற நாளிலேர்ந்து, கட்டிக் கொடுத்ததைப் பிரிச்சுச் சாப்பிட்டியா, பிரிச்சுச் சாப்பிட்டியான்னுதான் உன்னைத் துளைச்சு எடுத்திருக்கேன். டப்பா அப்படியே திரும்பி வந்தா அழுதிருக்கேன். இன்னிக்கு சுவாமி முன்னாடி நின்னுண்டு, என் பிள்ளை அந்த மூட்டையை இன்னும் தொட்டே இருக்கக் கூடாதுன்னு வேண்டிண்டிருக்கேன். தொடலைன்னு ஒரு வார்த்தை எழுதுடா.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வெச்சுண்டு உக்காந்திருக்கற
அம்மா ருக்மிணி