மூன்று புட்டி பட்டாள நிறம்

நண்பா, நீ இருந்திருந்தால் இன்று காலை என் பெயிண்ட் கடையில் பெரிய சண்டை நடந்திருக்கும். நீ இல்லாததால் அதையும் நான் ஒருவனே போட வேண்டியதாயிற்று.

ஆடித் தபசுத் திருவிழாப் பொருட்காட்சிக் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். நீ மரத்தில் செய்த பட்டாள லாரியை இந்த வருஷம் காட்சிக்கு வைக்க வேண்டுமாம். "ஒரு கோட் பளிச்சுன்னு அடிச்சுக் குடுத்துருங்க அண்ணாச்சி" என்றார். பதில் சொல்லுமுன் உள்ளே போய் உன் தகர டப்பாவைத் திறந்தேன். காய்ந்து ஏடு கட்டிப்போன பெயிண்டிலும் அந்த வாடை போகவில்லை.

யுத்தம் முடிந்து வந்தவர்கள் கம்பளியும் பூட்ஸும் கொண்டுவந்தார்கள். நீ கொண்டுவந்தது, மூடியில் பட்டாள முத்திரையாக அம்புக் குறி குத்திய இந்த டப்பாவும் அதனடியில் விரற்கடை அளவு பெயிண்டும்தான். பர்மா எல்லையில் நீ ஓட்டிய லாரிக்கு அடித்ததில் மிச்சம். "இதே நெறத்துல கலக்கித் தருவியாலே?" என்று கேட்டாய். பச்சையுமில்லை, பழுப்புமில்லை. "சாணியக் கரைச்ச மாதிரி இருக்கு. இதுக்கு எங்கிட்ட எதுக்குலே வாரே, தொழுவத்துக்குப் போ" என்றேன். எதற்கும் சிரிக்கிற நீ அதற்குச் சிரிக்கவில்லை.

காரணத்தைப் பிறகு சொன்னாய். கரிவலம்வந்தநல்லூர் சுடலைமுத்து உனக்கு முன்னால் போன லாரியை ஓட்டியவன். அவன் இறந்ததாகக் கடிதம் வந்தும், பட்டாளத்தைவிட்டு ஓடிப்போய் எங்கோ குடும்பம் நடத்துகிறான் என்று அவன் ஊரில் வாய் கூசாமல் பேசினார்கள். அவன் அம்மா உன்னைத் தேடிவந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "எம்பிள்ள ஓட்டுன வண்டி எப்படியிருக்கும்னு ஒரு தடவ காட்டுதியா மக்கா?" ஒரு முழ நீளத்துக்குப் பெட்டிப் பலகையில் நீ லாரி செதுக்க உட்கார்ந்தது அதற்காகத்தான்.

எத்தனை தடவை கலக்கினேன்! ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டை உன் டப்பா நிறத்துக்குப் பக்கத்தில் தடவி, வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துத் தலையை ஆட்டுவாய். "இது கல்யாண வண்டிப் பச்சைலே. காட்டுக்குள்ள ஆகாது." ஜமீன் வீட்டு மோட்டாருக்குக்கூட நான் இத்தனை பாடுபட்டதில்லை என்று கத்தினேன். கடைசியில் வண்டிக்கு ஒன்று, அதில் அப்பிய சேற்றுக்கு இரண்டு என்று மூன்று நிறம் தேறியது. ஊற்றிவைக்க ஒரு மைப் புட்டி, ஒரு தைலப் புட்டி, ஒரு மூக்குப்பொடிப் புட்டி. உன் கோணல் எழுத்தில் சீட்டு ஒட்டினாய்: ‘வண்டி நிறம்', ‘மழைச் சேறு', ‘காய்ந்த சேறு'.

அவள் ஊர்க்காரர்களும் பார்க்கட்டும் என்று லாரியைத் தபசுப் பொருட்காட்சியில் வைப்பதாக இருந்தாய். தபசன்று காலை நீ அந்த அம்மாவைக் கூட்டிவர பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாய். லாரி என் முன்னால் மங்கலாக உட்கார்ந்திருந்தது. என் கையிலிருந்து ஒரு வில்வண்டியோ கடைப் பலகையோ வார்னிஷ் இல்லாமல் வெளியே போனதில்லை. வார்னிஷ் போடாத வேலையை முடியாத வேலை என்றுதான் எங்கள் தொழிலில் சொல்லுவோம். பிரியத்தில்தானப்பா போட்டேன். பஸ் வரவில்லை என்று நீ திரும்பி வந்து பார்த்தபோது அது கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

நீ என்னை அடிப்பாய் என்றே நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாய். "தொரை பாக்க வாராருன்னு வண்டிக் கண்ணாடியத் தொடைக்கச் சொன்னாங்க. சுடல நல்லாத் தொடச்சான். மறுநா வெயில்ல அது மினுங்குனதப் பாத்துத்தாம்லே ஜப்பான்காரன் விமானம் கீழ எறங்கிக் குண்டு போட்டுச்சு. அவன் அம்மைக்கு நான் இதையா காட்டுவேன்?" எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேருமாக டர்பன்டைன் துணியால் துடைத்தோம். அடியிலிருந்த நிறமும் சேர்ந்து வந்தது. மூன்று புட்டியையும் திறந்து மறுபடி அடித்தோம். காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ஈரம் காயவில்லை.

காட்சி நடத்தியவர் பார்த்தார். சுதந்திரம் வந்த பிறகு நம் பட்டாளத்தை இப்படி அழுக்காகக் காட்டலாமா, பச்சையாய்ப் பளபளவென்று அடித்துக் கொண்டுவாருங்கள் என்றார். "சேறு இல்லாம இந்த வண்டி கெடையாது சார். வைக்கதுன்னா வைங்க. இல்லன்னா தெருவுல வைக்கேன்" என்றாய். சொன்னபடி செய்தாய். என் பெயிண்ட் பெட்டியைக் காட்சி வாசலுக்கு எதிரே கவிழ்த்து அதன்மேல் லாரியை வைத்தாய். தபசுக் கூட்டம் முழுக்க அதைத் தாண்டித்தான் போயிற்று.

அடுத்த பஸ்ஸில் அந்த அம்மா தானாக விசாரித்து வந்து சேர்ந்தாள். பெட்டிக்கு முன்னால் குந்தி, ஓட்டுகிறவன் உட்காரும் பக்கத்துக் கதவைத் தொட்டாள். ஈர நிறம் விரலில் ஒட்டியது. நான் துணியோடு ஓடினேன். "விடுப்பா, இருக்கட்டும்" என்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, கூட்டத்தில் நின்ற அவள் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே அந்த விரலை நீட்டினாள். "பாருங்க. எம்பிள்ள எங்கயும் ஓடிப்போகல. இந்தச் சேத்துல கெடந்திருக்கான்." விரலைத் துடைக்காமலே பஸ் ஏறிப் போனாள்.

கதவில் அவள் விரல் தடம் பதிந்திருந்தது. அது மறையும்படி தொட்டு அடிக்கட்டுமா என்று கேட்டேன். "அங்கன மட்டும் கை வைக்காத" என்றாய். பர்மாக் காட்டிலிருந்து நீ கூடவே கொண்டுவந்த குளிர்காய்ச்சல் சில வருஷத்தில் உன்னைக் கொண்டுபோயிற்று. நான் இன்றுவரை கை வைக்கவில்லை.

காலையில் வந்தவரிடம் லாரியை எடுத்துக் காட்டினேன். கதவில் கறை இருக்கிறதே என்றார். கறை இல்லை என்றேன். இப்படியேதான் வரும், சேற்றோடும் தடத்தோடும், இஷ்டமிருந்தால் வையுங்கள் என்றேன். கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகக் கோபமாகப் போயிருக்கிறார்.

கேட்டு வரட்டும். கரிவலம்வந்தநல்லூருக்கு நான் ஆள் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அம்மா வருகிறாள். பெயிண்ட் பெட்டியையும் காலி பண்ணித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். வாசலுக்கு எதிரே அதை எந்த இடத்தில் கவிழ்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.