விண்ணப்பம் வரவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மன்னித்துக்கொள். நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய். உன் மாமியார் பக்கத்தில் இருமுவது எனக்குக் கேட்கிறது. அந்த இருமலுக்கு நடுவில் இதைச் சொல்ல எனக்கு வராது. அதனால் பாப்பாவுக்கு அனுப்பும் கலர் பென்சில் டப்பாவில், அடி அட்டைக்குக் கீழே மடித்து வைக்கிறேன். அவள் முதலில் எடுத்துக் கப்பல் செய்யாமல் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனாலும் குழாய் வேலைக்குப் போகிறார். போகிற வீட்டிலெல்லாம் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே, எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என் சின்னப் பொண்ணு என்று ஆரம்பித்துவிடுகிறாராம். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஒரு நாள் அங்கே என்ன வேலை என்று எட்டிப் பார்த்தேன். ஒரு வேலையும் இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

நான் தேர்வுப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நீ படித்த கல்லூரியிலேயே வேலை கிடைத்ததை நீ அதிர்ஷ்டம் என்றாய். உட்காரும் இடம் எது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கம்பி வலை போட்ட அந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் என் நாற்காலி. வெளியே நிற்கிறவர்களின் கழுத்தில் இருந்து நெற்றி வரைதான் தெரியும். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்புகிற முகத்தை இப்போது எனக்கு உடனே அடையாளம் தெரிகிறது. அந்தப் பிள்ளைகளை நானே கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்கிறேன். ஊமைக்கோட்டான் என்று என்னைக் கூப்பிட்ட நீ இதை நம்ப மாட்டாய்.

இந்த வருடம் கல்லூரியில் பெரிய மாற்றம். வருடத்துக்கு இரண்டு செமஸ்டர் என்பது போய் மூன்று டெர்ம் வருகிறது. தொண்ணூறு தொண்ணூறு நாளாக இருந்ததை அறுபது அறுபதாக வெட்டி அட்டவணை போடும் வேலையைக் கண்காணிப்பாளர் என்னிடம் கொடுத்தார். வருஷம் என்னவோ அதே வருஷம்தான், தலைவலிதான் ரெண்டுல இருந்து மூணாச்சு என்று எங்கள் அட்டெண்டர் அண்ணன் புலம்புகிறார். இப்போது மூன்றாம் ஆண்டுக்குப் போகிறவர்கள் மட்டும் பழைய முறையில் முடிப்பார்கள். செமஸ்டரில் படிக்கும் கடைசிக் கூட்டம் அவர்கள்தான்.

அதற்காகப் பழைய பதிவேடுகளை இறக்கித் தூசி தட்டினோம். உன் வருடத்துப் புத்தகம் என் கைக்கு வந்தது. உன் பெயருக்கு நேராக நான்கு கட்டங்களில் நீல மை. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. ஐந்தும் ஆறும் காலி. உனக்கு மேலேயும் கீழேயும் இருக்கிறவர்களுக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது.

நம் வீட்டுக்குத் தெரிந்தது பள்ளிக்கூடக் கணக்குதான் அக்கா. காலாண்டும் அரையாண்டும் எப்படி எழுதினாலும் முழு ஆண்டுப் பரீட்சை எழுதாவிட்டால் அந்த வருடமே போச்சு. அதனால்தான் உன் கல்யாணத்துக்குப் பிறகு, படிச்சதெல்லாம் வீண் என்று அப்பா சொன்னபோது நாம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அது வீண் இல்லை. முடித்த செமஸ்டர் முடித்ததுதான், அதை யாராலும் அழிக்க முடியாது. இடையில் நின்றவர்கள் விட்ட இடத்திலிருந்து சேரலாம் என்று விதியும் இருக்கிறது. ஆனால் செமஸ்டர் முறை இருக்கும்வரைதான். புதிய முறையில் உன் நான்கு செமஸ்டரைப் பொருத்த இடமே இல்லை. இந்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் ஐந்தாவது செமஸ்டருக்கு விண்ணப்பித்தால் உண்டு. அதற்குப் பிறகு கிடையாது.

இதைப் படித்து நீ சந்தோஷப்படுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட வேண்டும்.

உன் வரியின் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அனுமதி மறுப்பு என்று அதில் எழுதியிருக்கும் என்றுதானே நினைப்பாய்? விண்ணப்பம் வரவில்லை என்று எழுதியிருக்கிறது.

கல்யாணம் முடிந்து நீ மறுபடி வீட்டுக்கு வந்திருந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? வகுப்பு தொடங்கி இருபது நாள் ஆகியிருந்தது. காலேஜ்ல ஒத்துக்கிட்டா நான் தடுக்க மாட்டேன் என்று மாமா உன்னை அனுப்பும்போது சொல்லியிருந்தார். புதுப்பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டோம் என்று உன்னை வீட்டில் நிறுத்திவிட்டு, தாமதமாகச் சேர அனுமதி கேட்டு நீ எழுதிய விண்ணப்பத்தை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். முதல் நாள் அந்த ஜன்னல் முன்னால் பெரிய அண்ணன்கள் கூட்டம். நான் தூணை ஒட்டி நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா என்று அப்பா சத்தம் போட்டார். நீதான், நாளைக்குக் கேட்டுட்டு வருவா, விடுங்கப்பா என்றாய்.

மறுநாளும் போனேன். வரிசையில்கூட நின்றேன். என் முன்னால் ஒரே ஒருவர் இருக்கும்போது வரிசையை விட்டு விலகினேன். நாலு மணிக்கு உள்ளிருந்து ஷட்டரை இறக்கினார்கள். இரண்டாவது நாளும் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஒத்துக்க மாட்டாங்களாம் என்று சொன்னேன். நீ ஏதோ துணியை மடித்துக்கொண்டிருந்தாய், அதை மடித்து முடித்தாய். விண்ணப்பத்தை வழியிலேயே கிழித்துப் போட்டிருந்தேன்.

போன வாரம் கண்காணிப்பாளரிடம், யாரோ ஒரு பெண்ணைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டேன். இருபது நாள் என்ன, நாற்பது நாள் தாமதமாக வந்தவர்களையே சேர்த்திருக்கிறோமே, இந்தப் பொண்ணு ஏன் வந்து ஒரு வார்த்தை கேக்கல என்றார். நான் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன்.

பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ என்னிடம் சொன்னாய், இது ஆறாவது செமஸ்டர் பரீட்சை நடக்கிற வாரம்டீ என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். இப்போதும் போனில் வேறு எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இப்போ அங்கே எந்த செமஸ்டர் நடக்குது என்று மட்டும் கேட்கிறாய். நான் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறேன்.

அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை ஆயிடுச்சு, இப்ப போய் எதுக்குடி கிளறுற என்றாள். அப்புறம், உன் பழைய ஹால் டிக்கெட்டுகளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்து எடுத்து என் மடியில் போட்டாள். நான்கும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நீ ஒரே மாதிரி முறைக்கிறாய்.

மாமா இப்போது என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அன்று அவர் கொடுத்த வார்த்தை இன்றும் நிற்குமா என்றும் தெரியாது. வீட்டில் உன் கட்டில் அப்படியே இருக்கிறது. பாப்பாவுக்கும் பள்ளிக்கூடத்தில் முதல் பருவம் இனிமேல்தான் தொடங்குகிறது. நம் தெரு முனைப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று நானே போய், வாயைத் திறந்து, கேட்டுவிட்டு வந்தேன். இருக்கிறதாம்.

விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்தை மட்டும் நேரில் போட வேண்டும் என்பது விதி. உன்னிடம் எதையும் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்துதான் இவ்வளவு தூரம் சுற்றி வளைத்தேன். இப்போது நாலு மணிக்கு அந்த ஷட்டரை இறக்குவது என் வேலை அக்கா. பதினெட்டாம் தேதிக்குள் ஏதாவது ஒரு நாள் அந்த ஜன்னலுக்கு வா. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போ.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன்,
ஊமைக்கோட்டான்